பிப்ரவரியில் ட்ரோம்சோ, அப்பா அம்மாவோடு: துருவ ஒளி பார்க்க ஐந்து இரவு போதுமா?

பல்லாவரத்துப் பெண் | 8 செப்டம்பர் 2024, இரவு 10:42

எல்லோருக்கும் வணக்கம். பல வருஷமாக இங்கே வாசிப்பதோடு சரி. நான் தொடங்கும் முதல் இழை இதுதான், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா மின்வாரியத்தில் 32 வருஷம் வேலை பார்த்தவர். கடைசிப் பன்னிரண்டு வருஷம் ஒரே சப் ஸ்டேஷன். ஓய்வு பெற்ற பிறகு எங்கேயும் போகவேண்டும் என்று வாய் திறந்து கேட்டதில்லை. இந்த மே மாதம் லடாக்கில் ஹான்லே பக்கம் வானம் சிவந்த படம் பேப்பரில் வந்ததல்லவா, அன்றிலிருந்து ஒரே பேச்சு. அழகெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம். "1989-ல சூரியப் புயலால கனடாவில் கியூபெக் கிரிட் முழுக்க ஒன்றரை நிமிஷத்தில் ட்ரிப் ஆச்சு. அறுபது லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் இருட்டில். அதைச் செய்த பயலை ஒரு தடவை நேரில் பார்க்கணும்" என்கிறார்.

சரி என்று முடிவெடுத்துவிட்டேன். நான், அப்பா (66), அம்மா (61), தம்பி. பிப்ரவரி முதல் வாரம் நார்வேயில் ட்ரோம்சோ, ஐந்து இரவு. என் சந்தேகங்கள்:

ஐந்து இரவு போதுமா, இல்லை மூன்று இரவு பார்த்துவிட்டு வேறு ஊருக்கு நகரலாமா? டூர் பஸ்ஸா, வாடகைக் காரா? அம்மாவுக்கு முழங்கால் வலி, அப்பா சுத்த சைவம். அப்புறம் இந்த கேபி எண் என்பது என்ன, அது எத்தனை இருந்தால் டிக்கெட் போடலாம்?

சும்மா | 8 செப்டம்பர், இரவு 11:15

நாலு பேருக்கு ஆகிற செலவில் பல்லாவரத்தில் மாடி எடுத்துவிடலாம். யூடியூபில் 4கே-யில் பத்து மணி நேரம் ஓடுகிறது. போர்த்திக்கொண்டு ஏசியை 18-ல் வைத்துப் பாருங்கள்.

பல்லாவரத்துப் பெண் | 8 செப்டம்பர், இரவு 11:20

மாடி ஏற்கெனவே எடுத்தாயிற்று சார்.

ரயில்பிரியன் | 9 செப்டம்பர், காலை 7:05

ட்ரோம்சோ தப்பில்லை. ஆனால் நான் போனது அபிஸ்கோ, ஸ்வீடன் பக்கம். ஸ்டாக்ஹோமில் சாயங்காலம் ரயில் ஏறினால் கிருனா தாண்டி மறுநாள் பகலில் இறங்கிவிடலாம். கிருனா ஓர் இரும்புச் சுரங்க ஊர். சுரங்கம் தோண்டத் தோண்ட நிலம் இறங்குவதால் ஊரையே நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள், அது தனிக்கதை.

அபிஸ்கோவின் விசேஷம் வானம்தான். மேற்கே இருக்கும் மலைகள் அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரத்தைப் பிழிந்துவிடும். நம் தாராபுரம், காங்கேயம் பக்கம் மழை மறைவுப் பிரதேசம் இருக்கிறதே, அதே கதை. வருஷத்துக்கு 300 மி.மீ. அளவுதான் விழும். டோர்னேட்ரஸ்க் ஏரிக்கு மேலே மட்டும் மேகம் விலகி ஒரு துண்டு வானம் தெரியும், அதற்கு 'நீல ஓட்டை' என்றே பெயர். மூன்று இரவில் எனக்கு இரண்டு இரவு கிடைத்தது.

குறையும் சொல்லிவிடுகிறேன். அது ஊர் என்று சொல்லும் அளவுக்கு இல்லை. குளிர் மைனஸ் 25 வரை பார்த்தேன். பகலில் பெரியவர்கள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். உங்கள் அம்மா அப்பாவுக்கு ட்ரோம்சோதான் சௌகரியம் என்று நினைக்கிறேன்.

வைகைவாசி | 9 செப்டம்பர், மதியம் 1:30

யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

2022 டிசம்பரில் மனைவியோடு பின்லாந்தில் ரோவானியெமி போனேன். நாலு இரவு. அதில் இரண்டு இரவு கண்ணாடிக் கூரை போட்ட அறை, விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். முதல் மூன்று இரவும் கூரைக்கு மேலே பனி கொட்டி, கண்ணாடி தெரியாமல் வெள்ளையாக மூடிக்கொண்டது. நாலாம் இரவு ஒரு டூரில் அழைத்துப்போனார்கள். பன்னிரண்டு மணிக்கு வழிகாட்டி "அதோ, அதோ" என்று கத்துகிறார். நான் பார்த்தால் வடக்கே அடிவானத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு புகை. செங்கல் சூளைப் புகை மாதிரி. அவர் கேமராவில் படம் எடுத்துக் காட்டினார், பச்சைப் பசேல். என் மனைவி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

மொத்தத்தில் கேமரா பார்த்தது, நான் பார்க்கவில்லை. இதைத்தான் எல்லாரும் 'வாழ்நாள் அனுபவம்' என்று போடுகிறார்கள்.

இயற்பியல் வாத்தியார் | 9 செப்டம்பர், இரவு 9:10

வைகைவாசி சொன்னது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

நம் கண்ணில் இரண்டு வகை செல்கள். நிறம் பார்ப்பவை கூம்புகள், அவற்றுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். மங்கலில் வேலை செய்பவை கோல்கள், அவற்றுக்கு நிறம் தெரியாது. பௌர்ணமி இரவில் செம்பருத்திப் பூவைப் பாருங்கள், கறுப்பாகத்தான் இருக்கும். மெலிசான துருவ ஒளியும் அப்படித்தான் சாம்பலாகத் தெரியும். கேமரா பத்து விநாடி திறந்து வைத்து வெளிச்சத்தைச் சேர்த்துக்கொள்கிறது, அதனால் பச்சை. ஒளி பலமாக வந்தால் கூம்புகளும் விழித்துக்கொள்ளும். அப்போது வெறுங்கண்ணுக்கே பச்சை தெரியும், அடியில் ரோஜா நிற ஓரம்கூட.

பச்சை ஏன் என்றால், சூரியக் காற்றின் (சூரியன் ஓயாமல் வீசியெறியும் மின்துகள்களின்) சக்தியால் பூமியின் காந்தப்புலத்தில் முடுக்கப்பட்ட எலக்ட்ரான்கள், சுமார் 100 முதல் 150 கி.மீ. உயரத்தில் ஆக்சிஜன் அணுக்களை இடிக்கின்றன. இடிபட்ட அணு முக்கால் விநாடியில் பச்சையை உமிழ்ந்துவிடும். சிவப்பை உமிழ ஏறக்குறைய இரண்டு நிமிஷம் வேண்டும். அடர்த்தியான காற்றில் அதற்குள் வேறு ஏதாவது வந்து மோதி அந்தச் சக்தியைப் பிடுங்கிக்கொள்ளும். ஆகவே சிவப்புக்கு 200 கி.மீ.க்கு மேலே, காற்று அநேகமாக இல்லாத இடம் தேவை. ஹான்லேயில் சிவப்பு மட்டும் தெரிந்ததன் காரணம் அதுதான். அங்கிருந்து பார்க்கும்போது உயரமான பகுதி மட்டுமே அடிவானத்துக்கு மேலே வந்தது.

சகோதரி, உங்கள் அப்பாவிடம் கிறிஸ்டியான் பிர்க்கலாந்து பெயரைச் சொல்லுங்கள். நார்வே இயற்பியலாளர். 1899-ல் வட நார்வேயில் ஆல்டா பக்கம் ஹால்டே மலை உச்சியில் இந்த ஒளிக்காகவே ஆய்வகம் கட்டினார். வெற்றிடப் பெட்டிக்குள் காந்த உருண்டையை வைத்து எலக்ட்ரானைப் பாய்ச்சி, செயற்கையாகத் துருவ ஒளியை உண்டாக்கிக் காட்டினார். அதே மனிதர்தான் மின்வில்லால் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து உரம் தயாரிக்கும் வழியையும் இன்னொருவரோடு சேர்ந்து கண்டுபிடித்தார். நார்ஸ்க் ஹைட்ரோ கம்பெனி 1905-ல் அதிலிருந்து பிறந்தது. மின்வாரியக்காரருக்குப் பிடிக்கும்.

வைகைவாசி | 9 செப்டம்பர், இரவு 9:48

வாத்தியாரே, விளக்கம் பிரமாதம். ஆனால் விளம்பரத்தில் 'கூம்பு விழித்தால் மட்டும் பச்சை' என்று சின்ன எழுத்திலாவது போடலாமே?

வடமராட்சி70 | 14 செப்டம்பர், அதிகாலை 2:20

பிள்ளை, இந்த இழையை இன்றைக்குத்தான் கண்டேன். நான் 1987 இல் இருந்து நோர்வேயில். (நீங்கள் ட்ரோம்சோ என்கிறீர்கள், நாங்கள் ரொம்சோ என்கிறோம். இரண்டையும் சொல்லிப் பார்த்திருக்கிறேன், அங்குள்ள ஆக்களுக்கு இரண்டுமே விளங்குவதில்லை.)

முதல் பதினொரு வருடம் நோர்வேயின் வடகோடியில், பின்மார்க்கில், ஒரு மீன் பதனிடும் தொழிற்சாலையில் கொட் மீன் வெட்டினேன். அந்த நாளில் அந்தக் கரையோர ஊர்களில் எங்கட ஆக்கள் நிறைய. உள்ளூர் இளம் ஆக்கள் தெற்குக்குப் போக, மீன் வெட்ட ஆள் இல்லை. எங்களுக்கு வேலை தேவை. பிறகு பிள்ளைகளின் படிப்பு, கோயில், சொந்தக்காரர் என்று அநேகமானோர் ஒஸ்லோவுக்கு இறங்கிவிட்டோம்.

முதல் தடவை கண்டதைச் சொல்கிறேன். வந்து இரண்டாவது மாதம். இரவு வேலை முடிந்து நாலு பேர் வெளியே வருகிறோம், கையுறையில் இன்னும் மீன் வாடை. மலைக்கு மேலால் பச்சையாக ஒன்று எழும்பி ஊருக்கு மேலே வந்தது. என்னோடு வந்தவன் அப்படியே தொழிற்சாலைச் சுவரோடு குந்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். பரா லைட் என்று நினைத்துவிட்டான். ஊரில் ஆமிக்காரர் இரவில் வெளிச்சத்துக்குப் பரா லைட் அடித்தால் அடுத்தது செல் குண்டு வரும். எங்களோடு வந்த நோர்வேக்காரக் கிழவர் சிரிக்கவில்லை. அவரும் பக்கத்தில் குந்திக்கொண்டு மேலே கையைக் காட்டி "நூர்லீஸ், நூர்லீஸ்" என்று மெல்லச் சொன்னார். மொழி வகுப்புக்குப் போக முன்னமே எங்களுக்குத் தெரிந்த சொல் அது. வடக்கு வெளிச்சம் என்று அர்த்தம்.

சரி, உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

ஐந்து இரவும் ஒரே இடத்தில் இருங்கோ. வடதுருவத்தைச் சுற்றி ஒளி விழுகிற வளையம் ஒன்று இருக்கு, ரொம்சோ அதற்கு நேர் கீழே, வட அகலக்கோடு 69 பாகைக்கும் மேலே. கேபி என்பது பூமியின் காந்தப்புலம் எவ்வளவு குழம்பியிருக்கு என்று 0 முதல் 9 வரை போடுகிற எண். அங்கே கேபி ஒன்று, இரண்டே போதும். கேபி ஐந்து, ஆறு எல்லாம் தெற்கே இருக்கிறவர்கள் பார்க்க வேண்டிய கணக்கு. இன்னும் வடக்கே போனால் இன்னும் வடிவாகத் தெரியும் என்று சிலர் சுவால்பார்டுக்குப் போகிறார்கள். அது வளையத்தையும் தாண்டி உள்ளே போன இடம், இரவில் அநேகமாக ஒளி உங்களுக்குத் தெற்கே விழும்.

உங்களுக்கு எதிரி மேகம். கடலோரம், ஒரு நாளைக்கு நாலு தரம் வானம் மாறும். நோர்வே வானிலை நிலையத்தின் தளம் ஒன்று இருக்கு, பெயர் 'ஊர்' என்பதுபோல ஒலிக்கும், தூறல் என்று அர்த்தம். அதில் மேக வரைபடத்தைப் பாருங்கோ, கேபியைப் பார்க்காதேங்கோ. நல்ல வழிகாட்டிகள் அன்றைக்குப் பின்னேரம்தான் எந்தப் பக்கம் ஓடுவது என்று முடிவெடுப்பார்கள். கடலோரம் மூடிக் கிடந்தால் உள்நாட்டுக்கு, ஷீபொட்ன் பக்கமோ பின்லாந்து எல்லைக்கோ போவார்கள். ரயில்பிரியன் சொன்ன அதே மலை மறைப்புத்தான் அங்கேயும். ஆகவே பயணம் நீளம் என்று கோபிக்காமல், தூரம் ஓடுகிற சின்ன வேனாகப் பிடியுங்கோ. பெரிய பஸ் ஆயிரம் குரோனரைச் சுற்றி இருக்கும், சின்ன வேன் அதில் ஒன்றரை, இரண்டு மடங்கு. அம்மாவுக்கு ஏற இறங்க அதுதான் சுகம். ஐந்து இரவுக்கும் முன்கூட்டியே கட்டாதேங்கோ. இரண்டு இரவு கட்டி, மிச்சத்தை வானத்தைப் பார்த்துக் கட்டுங்கோ.

கார் வேண்டாம். பனியில் ஓட்டிப் பழகாத ஆள் இருட்டில், மேலே பார்த்துக்கொண்டு ஓட்டுவது சரிவராது.

குளிர் நீங்கள் நினைப்பதுபோல் இல்லை. வளைகுடா நீரோட்டத்தால் ரொம்சோ நகரத்தில் சராசரி மைனஸ் நாலு அளவில்தான் நிற்கும். உள்நாட்டுக்குப் போனால் மைனஸ் இருபதும் தாண்டும். உடம்போடு ஒட்டி கம்பளி போடுங்கோ, பருத்தி பனியன் கூடாது, வியர்த்தால் அப்படியே உறைஞ்சு போகும். சப்பாத்து ஓர் அளவு பெரிதாக வாங்குங்கோ. உள்ளே காற்று இருந்தால்தான் கால் விரல் சூடாக இருக்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், நகரத்து நடைபாதை. பகலில் உருகி இரவில் உறையும், கண்ணாடி மாதிரி. சப்பாத்துக்கு அடியில் மாட்டுகிற முள்ளு இருக்கு, 'புரொட்டர்' என்று கேட்டால் கடையில் தருவார்கள். விமானத்தால் இறங்கிய கையோடு நாலு சோடி வாங்குங்கோ. ஒளியைக் காணாமல் திரும்பிய ஆக்களை விட, விழுந்து கையை முறித்துக்கொண்டு திரும்பிய ஆக்களை எனக்கு அதிகம் தெரியும்.

சைவம் பிரச்சினை இல்லை, அடுப்பு உள்ள வீடாக எடுங்கோ. அரிசி, பருப்பு, புளி கொண்டு வாங்கோ.

வெளிச்சத்தைப் பார்த்து விசில் அடிக்காதேங்கோ, வெள்ளைத் துணி ஆட்டாதேங்கோ. கீழே வந்து தூக்கிக்கொண்டு போய்விடும் என்று அங்கே பிள்ளைகளை வெருட்டுவார்கள். நான் முப்பத்தேழு வருடமாக விசில் அடிக்கவில்லை.

பல்லாவரத்துப் பெண் | 14 செப்டம்பர், காலை 8:31

ஐயா, அப்பாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். பரா லைட் இடம் வந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "அந்தக் கிழவர் நல்ல மனுஷன்" என்றார்.

கேபி மறந்தாயிற்று. கார் ரத்து.

சைதை சைக்கிள் | 15 செப்டம்பர், இரவு 11:58

கார் விஷயத்தில் ஐயா கட்சி நான். போன வருஷம் மார்ச்சில் நண்பர்கள் மூவர், ட்ரோம்சோவுக்கு மேற்கே குவாலோயா தீவில் வாடகைக் கார். டயரில் ஆணி எல்லாம் இருந்தது, தைரியமாகப் போனோம். எதிரே லாரி வந்தது, ஓரம் கட்டினேன். நான் ஓரம் என்று நினைத்தது சாலையே இல்லை, பள்ளத்தை நிரப்பிய பனி. கார் மெதுவாக, மரியாதையாகச் சாய்ந்தது. ஒரு விவசாயி டிராக்டர் கொண்டு வந்து இழுத்துவிட்டார், காசு வாங்கவில்லை. வெறும் மூன்று வார்த்தை பேசினார், அதில் இரண்டு எங்களைப் பற்றி என்று நினைக்கிறேன்.

அந்த இழுபறியில்தான் ஒளி வந்தது. டிராக்டர் விளக்கில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.

கேமரா பற்றி இரண்டு வார்த்தை. ஐஎஸ்ஓ 1600-ல் தொடங்குங்கள், எஃப் 2.8, ஐந்து முதல் பத்து விநாடி. ஒளி வேகமாக ஆடினால் விநாடியைக் குறையுங்கள், இல்லாவிட்டால் பச்சைப் பாயசம்தான் கிடைக்கும். போன் என்றால் நைட் மோட், முக்காலி கட்டாயம். ஃபோகஸை ஏதாவது நட்சத்திரத்தில் பிடித்து நிறுத்திவிடுங்கள். பேட்டரி குளிரில் மளமளவென்று இறங்கும், மாற்று பேட்டரியைச் சட்டைக்கு உள்ளே, உடம்புச் சூட்டில் வையுங்கள். வெளியே இருந்த கேமராவை நேராக ஹீட்டர் போட்ட அறைக்குள் கொண்டுபோகாதீர்கள், லென்ஸ் வியர்க்கும். பையை மூடி அரை மணி நேரம் விட்டுத் திறங்கள்.

நெக்கர்க்கரை | 11 அக்டோபர் 2024, அதிகாலை 1:12

இழைக்குச் சம்பந்தம் உண்டா தெரியவில்லை, யாரிடமாவது சொல்ல வேண்டும். இருப்பது ஸ்டுட்கார்ட். குப்பை போடக் கீழே இறங்கினேன். பக்கத்து வீட்டுப் பாட்டி தெருவில் நைட்டியோடு நின்று வடக்கே பார்த்துக்கொண்டிருக்கிறார். வானம் ரோஜா நிறம்! நாங்கள் மூன்று வருஷமாக லாப்லாந்து போகக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறோம். இங்கே குப்பைத் தொட்டிக்கு மேலே வந்து நிற்கிறது.

இயற்பியல் வாத்தியார் | 16 அக்டோபர், இரவு 8:40

பத்தாம் தேதி பெரிய சூரியப் புயல், ஐரோப்பா பூராவும் தெரிந்திருக்கிறது. நேற்று நாசாவும் அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவும் சேர்ந்து, சூரியன் தன் பதினோரு வருஷச் சுழற்சியின் உச்ச கட்டத்துக்கு வந்துவிட்டது என்று அறிவித்திருக்கின்றன. பல்லாவரம் குடும்பத்துக்கு நல்ல நேரம்.

ஆனால் 'பிப்ரவரி 4-ம் தேதி கேபி இவ்வளவு' என்று இப்போதே சொல்லும் செயலிகளை நம்பாதீர்கள். சூரியக் காற்றை அளக்கும் செயற்கைக்கோள் நிற்பது நமக்கு 15 லட்சம் கி.மீ. முன்னால். அங்கே காற்று தட்டியபின் இங்கே வர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். உறுதியாகச் சொல்ல அந்த அவகாசம்தான் உண்டு. சூரியன் 27 நாளுக்கு ஒருமுறை சுற்றுவதை வைத்துப் போன தடவை காற்று வீசிய இடம் மறுபடி நம் பக்கம் திரும்பும் என்று ஊகிப்பதை ஜோசியத்துக்குக் கொஞ்சம் மேலே வைக்கலாம்.

பல்லாவரத்துப் பெண் | 19 டிசம்பர் 2024, மாலை 6:02

விசா வந்துவிட்டது! ஷெங்கன், ஆளுக்கு 90 யூரோ, அதுபோக 30,000 யூரோ அளவுக்கு மருத்துவக் காப்பீடு கேட்டார்கள். அப்பாவின் ஓய்வூதியப் புத்தகத்தை மொழிபெயர்த்துக் கொடுத்தோம். நேர்காணல் மேசையில் "எதற்குப் போகிறீர்கள்" என்று கேட்டதற்கு அப்பா கியூபெக் கதையை ஆரம்பித்துவிட்டார், நான் காலை மிதித்தேன்.

வடமராட்சி70 | 21 ஜனவரி 2025, இரவு 7:15

பிள்ளை, இன்றைக்கு ரொம்சோவில் சூரிய நாள். நவம்பர் கடைசியில் மறைஞ்ச சூரியன் மலைக்கு மேலால் முகம் காட்டுகிற நாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஜாம் வைத்த பணிஸ் கொடுப்பார்கள், 'சூல்பொல்லர்' என்று. நீங்கள் வரும்போது பகலில் சில மணித்தியாலம் வெயில் இருக்கும். பிப்ரவரி 6 இந்த வடக்கின் பூர்வகுடிகளான சாமி மக்களின் தேசிய நாள். அந்தக் கிழமையில் நகரத்தின் பெரிய தெருவில் பனி போட்டு, கலைமான் ஓட்டப் பந்தயம் வைப்பார்கள். முடிந்தால் பாருங்கோ. திரும்பும்போது ஒஸ்லோவில் எத்தனை மணித்தியாலம் நிற்கிறீர்கள்? தனிமடல் போடுங்கோ.

பல்லாவரத்துப் பெண் | 16 பிப்ரவரி 2025, மதியம் 12:20

வந்து சேர்ந்துவிட்டோம். ஜெட் லாக் போய், துணி துவைத்து முடித்து இப்போதுதான் உட்கார்கிறேன்.

முதல் இரவு மழை. ஆமாம், துருவ வட்டத்துக்கு வடக்கே 350 கி.மீ.யில், பிப்ரவரியில் மழை. கடையில் புரொட்டர் வாங்கி வந்து மாட்டிய பிறகுதான் அம்மாவை வெளியே விட்டேன். ரப்பர் வளையத்தில் சின்னச் சின்ன இரும்பு முள், செருப்புத் தைப்பவர் ஆணி அடித்த மாதிரி. நடக்கும்போது தெரு முழுக்கக் கொலுசுச் சத்தம். தம்பி "எனக்கு வேண்டாம்" என்று வீரம் பேசி, தபால் பெட்டியைக் கட்டிப்பிடித்து நின்றான். ஐந்து நிமிஷத்தில் அவனும் மாட்டிக்கொண்டான்.

இரண்டாம் இரவு பெரிய பஸ். ஆறு மணி நேரம், மூன்று இடத்தில் நிறுத்தினார்கள், மூன்றிலும் மேகம். சூடான பழச்சாறு கொடுத்தார்கள். பின் சீட்டில் ஒருவர் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லிச் சண்டை. அப்பாவுக்குக் கவலையே இல்லை. வழியெல்லாம் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு, பனி சுமந்த கம்பிகள் எவ்வளவு தொய்கின்றன, கம்பத்துக்குக் கம்பம் எவ்வளவு தூரம் என்று எண்ணிக்கொண்டு வந்தார்.

மூன்றாம் இரவு பனிப்பொழிவு, வெளியே போகவில்லை. பகலில் கேபிள் கார் ஏறி 421 மீட்டர் உயரத்திலிருந்து ஊரைப் பார்த்தோம். தீவு, அதை இணைக்கும் பாலம், பாலத்து முனையில் முக்கோணம் முக்கோணமாக அடுக்கிய ஆர்க்டிக் தேவாலயம்.

நாலாம் இரவு. ஐயா சொன்ன மாதிரி சின்ன வேன், எட்டு பேர். ஓட்டுநர் பின்னேரம் நாலு மணிக்குத்தான் "கடலோரம் வேலைக்காகாது, பின்லாந்து எல்லைக்குப் போகிறோம்" என்று செய்தி அனுப்பினார். ஷீபொட்ன் தாண்டி மலை ஏறி கில்பிஸ்யார்வி பக்கம். ஏறும்போது ஒரு வளைவில், திரையை இழுத்த மாதிரி மேகம் முடிந்து நட்சத்திரம் ஆரம்பித்தது. வெளியே மைனஸ் 24. மூக்கு முடி உறைவதை முதலில் உணர்ந்தேன், இழுக்கும்போது உள்ளே குத்துகிறது.

ஒன்பதரைக்கு ஒரு பட்டை வந்தது. வைகைவாசி சார், நீங்கள் சொன்னது அப்படியே. சாம்பல். அம்மாதான் சரியாகச் சொன்னார், "விபூதி இழுத்த மாதிரி இருக்கு". மூன்று கோடு, கிழக்கிலிருந்து மேற்கே. தம்பி போனில் எடுத்தால் பச்சை. அரை மணி நேரம் இப்படியே. அப்பா "இவ்வளவுதானா" என்று கேட்கவில்லை, ஆனால் அவர் நின்ற விதத்தில் தெரிந்தது. குளிர் தாங்காமல் வேனுக்குள் போய்விட்டார்.

அப்புறம் நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடுக்கோடு தடித்தது. ஒரு முனையில் தீப்பிடித்த மாதிரி பிரகாசமாகி, அந்தப் பிரகாசம் கோடு நெடுகிலும் ஓடியது. வெறுங்கண்ணுக்குப் பச்சை, நம் வயல் நாற்றுப் பச்சை. நான் வேன் கதவைத் தட்டி அப்பாவை இழுத்தேன். ஒரு கையுறை உள்ளேயே கிடந்தது. தலைக்கு நேர் மேலே அது விரிந்து, எல்லாக் கதிரும் ஒரே புள்ளியிலிருந்து கொட்டுகிற மாதிரி, கீழ் ஓரத்தில் ரோஜா நிறம் துடிக்கிறது. பனித்தரை பச்சையாகிவிட்டது. அம்மா கலைமான் தோலில் மல்லாந்து படுத்துக்கொண்டு "முருகா முருகா" என்கிறார். ஏழெட்டு நிமிஷம் இருக்கும்.

அப்பா வாயைத் திறந்து சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "இவ்வளவு லோடு ஓடுது, ஒரு ஹம் கூட இல்லையே."

அதற்குப் பிறகும் வெகு நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் முப்பத்திரண்டு வருஷம் நின்றவருக்கு, சத்தமில்லாமல் அது ஓடியதைத்தான் நம்ப முடியவில்லை.

படம்? சைதை சைக்கிள் மன்னிக்கவும். அந்த ஏழு நிமிஷத்தில் என் போன் 41 சதவீதத்தில் அப்படியே செத்துப்போனது. தம்பி எடுத்ததில் பாதி அம்மாவின் கட்டைவிரல்.

ஐந்தாம் இரவு எங்கும் போகவில்லை. அம்மா ரசம் வைத்துக்கொண்டிருந்தார், அடுப்பங்கரை ஜன்னல் குவாலோயா தீவுப் பக்கம் பார்த்தது. "வந்திருக்கு, பாருங்க" என்று குரல் கொடுத்தார், பால்காரர் வந்த மாதிரி. தெருவிளக்கையும் மீறி மெலிசாக ஒரு வளைவு. ரசத்தை இறக்கி வைத்துவிட்டு நாலு பேரும் ஜன்னலில் நின்று பார்த்தோம்.

இன்னொன்று. திரும்பும்போது ஒஸ்லோ விமான நிலையத்துக்கு வடமராட்சி ஐயா வீட்டம்மாவோடு வந்தார். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும், அப்பாவுக்காக வெங்காயம்கூடப் போடாமல். கிளம்பும்போது அப்பாவின் கையில் ஒரு பழைய இருநூறு குரோனர் நோட்டை வைத்தார். அதில் பிர்க்கலாந்தின் படம். 2017-ல் அதற்குப் பதிலாக மீன் படம் போட்ட புது நோட்டு வந்து, இது இப்போது செல்லாது. அப்பா மணிபர்ஸில் முருகன் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.

வைகைவாசி | 16 பிப்ரவரி, மதியம் 12:55

அந்த அரை மணி நேரத்துக்கு நியாயம் செய்துவிட்டீர்கள், நன்றி. மீதி ஏழு நிமிஷத்தை மனைவியிடம் படித்துக் காட்டலாமா வேண்டாமா என்று யோசிக்கிறேன். காட்டினால் செலவு.

வடமராட்சி70 | 16 பிப்ரவரி, மாலை 4:30

மீன் படம் போட்டதும் பொருத்தம்தான், அது நான் வெட்டின கொட். அப்பாவுக்குச் சொல்லுங்கோ, அடுத்த முறை ஆல்டா, ஹால்டே மலை. கோடையில் வந்தால் நடந்து ஏறலாம், நானும் வாறேன். ஒளி இருக்காது, கட்டடம் இருக்கும்.

பல்லாவரத்துப் பெண் | 16 பிப்ரவரி, மாலை 5:10

கோடையில் போய் ஒளியில்லாத ஆய்வகத்தைப் பார்க்க அப்பா இப்போதே தயார். அம்மா தயாரில்லை.

அப்புறம், நாலு ஜோடி புரொட்டர் சும்மா கிடக்கிறது. இந்த சீசன் முடிவதற்குள் அந்தப் பக்கம் யாராவது போகிறீர்களா? குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம் பக்கம் என்றால் நேரில் வாங்கிக்கொள்ளலாம்.

சும்மா | 16 பிப்ரவரி, மாலை 5:14

சைஸ் எட்டு இருக்கா?

பல்லாவரத்துப் பெண் | 16 பிப்ரவரி, மாலை 5:16

இருக்கிறது. ஏசியை 18-ல் வைத்தால் புரொட்டர் தேவைப்படாதே சார்?

சும்மா | 16 பிப்ரவரி, மாலை 5:31

மார்ச் 14-க்கு டிக்கெட் போட்டுவிட்டேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.